எடெல்வைஸ் வளர்ப்புப் பெட்டி: விதையை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மாற்றுங்கள்

உள்ளங்கை அளவில் ஒரு தகர டப்பா. மூடியில் பனிமலையும் அதன் முன் ஒரு வெள்ளைப் பூவும். உள்ளே அழுத்திக் காயவைத்த தென்னைநார்த் தூள் வில்லை ஒன்று, சிட்டிகை அளவு விதை, நான்காக மடித்த வழிமுறைத் தாள். ஆல்ப்ஸ் மலைச் சுற்றுலா ஊர்களின் நினைவுப்பொருள் கடைகளிலும் இணையத்திலும் பல பெயர்களில் விற்கப்படும், எடெல்வைஸ் என்னும் மலைப்பூச்செடியை வளர்ப்பதற்கான பெட்டி இதுதான். மூடியில் இருக்கும் பெயர் மாறுமே தவிர, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. அதனால் இந்த மதிப்பீடு தனியொரு நிறுவனத்தைப் பற்றியது அல்ல, அந்த வகைப் பொருளைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. நார் வில்லை முதல் ஐந்தாறு வாரங்களுக்கு உதவும். டப்பா செடியைக் கொல்லும். வழிமுறைத் தாளில் பாதிக்கு மேல் எந்த வீட்டுச் செடிக்கும் பொருந்தக்கூடிய பொது அறிவுரை. இந்தச் செடிக்கு அது பொருந்தாது. "முளைத்தது, இரண்டு மாதம் தளதளவென்று இருந்தது, பிறகு ஒரே வாரத்தில் சாய்ந்துவிட்டது" என்பதுதான் இந்தப் பெட்டியை வாங்கியவர்கள் சொல்லும் வழக்கமான குறை. கைராசி இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பழி கைமேல் அல்ல, பெட்டிமேல்.

பெட்டியை எடைபோட, செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எடெல்வைஸ் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்பேத்தியன் மலைகளில், பெரும்பாலும் 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலும் கல் நிறைந்த புல்வெளிகளிலும் வளர்கிறது. ஆஸ்திரியாவின் 2 சென்ட் நாணயத்தில் இருப்பது இதே பூதான். வெள்ளை இதழ்கள் என்று நாம் பார்ப்பவை இதழ்களே அல்ல. வெண்பஞ்சு போர்த்திய இலைகள். நடுவே நெருக்கமாக இருக்கும் மஞ்சள் குமிழ்கள்தான் உண்மையான பூக்கள். ஒவ்வொரு குமிழும் பல குறும்பூக்கள் சேர்ந்த தொகுதி. அந்தப் பஞ்சு அலங்காரத்துக்கு அல்ல. உயரத்தின் கடும் வெயில், புற ஊதாக் கதிர், ஈரத்தை உறிஞ்சும் காற்று ஆகியவற்றிலிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ளும் போர்வை அது.

ஆகவே இது பழகிய வாழ்க்கை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். சத்து குறைவு, மண்ணில் சுண்ணாம்பு. தண்ணீர் வரும், ஆனால் நிற்காது. பகலில் வெயில் கொளுத்தும், இரவில் குளிரும். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் ஈரம் படாமல் உறங்கும். பெட்டி தருவதோ இவை அனைத்துக்கும் நேர் எதிரான ஒரு வீடு.

விதை

பெட்டியில் காசு கொடுக்கத் தகுந்த ஒரே பொருள் இது. 5-க்கு 4 கொடுக்கலாம். மிகச் சிறிய விதை. ஒரு கிராமில் பல ஆயிரம் அடங்கும். அதனால் உறையில் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்தாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உறையை வெள்ளைத் தாள்மீது மெதுவாகக் கவிழ்த்துத் தட்டினால் பழுப்பு நிறத் தூசிபோல் விழும். காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

வாங்கும்போது உறையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது தாவரவியல் பெயர். லியோன்டோபோடியம் ஆல்பினம் என்றோ, லியோன்டோபோடியம் நிவாலே, துணைச்சிற்றினம் ஆல்பினம் என்றோ இருக்க வேண்டும். முன்னது பழைய பெயர், பின்னது இப்போது பலர் ஏற்கும் பெயர், செடி ஒன்றே. வெறுமனே "எடெல்வைஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே எது இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பேரினத்தின் சிற்றினங்களில் பெரும்பாலானவை ஆசிய மலைகளைச் சேர்ந்தவை. சீனாவைச் சேர்ந்த லியோன்டோபோடியம் சூலியே போன்றவையும் எடெல்வைஸ் என்ற பெயரிலேயே விற்பனைக்கு வரும். அதுவும் அழகிய செடிதான். ஆனால் ஆல்ப்ஸ் பூவுக்கென்று காசு கொடுத்தவருக்கு அது வேறு செடி. நீல எடெல்வைஸ், சிவப்பு எடெல்வைஸ் என்று படம் போட்டு விற்பதைத் தொடவே வேண்டாம். அப்படி ஒரு செடி கிடையாது.

இரண்டாவது, விதைக்க வேண்டிய கடைசித் தேதி. கடை அலமாரியில் வெயில்பட்டுக் கிடக்கும் நினைவுப்பொருள் பெட்டிகளில் இதுதான் பெரிய சிக்கல். புது விதை நன்றாக முளைக்கும். சூட்டில் சில ஆண்டுகள் கிடந்த விதையின் முளைப்பு வேகமாகக் குறையும். டப்பாவின் அடியில் அச்சிட்ட தேதி டப்பாவுக்கானதா விதைக்கானதா என்றும் பாருங்கள். விதை உறையிலேயே தேதி இருந்தால்தான் நம்பலாம். மூன்றாவது, விதை வளர்ப்புத் தோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு. ஆல்ப்ஸ் நாடுகள் பலவற்றில் காட்டு எடெல்வைஸ் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. தோட்டத்தில் வளர்த்த செடியிலிருந்து விதை ஏராளமாகக் கிடைக்கும்போது, மலையிலிருந்து எடுத்ததை வாங்க எந்த நியாயமும் இல்லை. இன்னொரு நாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பவர்கள், விதை இறக்குமதிக்குத் தங்கள் நாட்டின் தாவரத் தடுப்புக்காப்பு விதி என்ன கேட்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. சான்றிதழ் இல்லாத உறை சுங்கத்தில் நின்றுவிடும்.

விதைப்பில் எல்லோரும் செய்யும் பிழை மண்ணால் மூடுவது. சில வழிமுறைத் தாள்களே "1 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கவும்" என்கின்றன. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மூடினால் முளைக்காது, அப்படியே முளைத்தாலும் அந்த ஆழத்திலிருந்து மேலே வருவதற்கு விதையில் இருப்புச் சத்து போதாது. ஒரு தேக்கரண்டி உலர்ந்த பொடிமணலோடு விதையைக் கலந்து, சிறு தொட்டியில் நிரப்பி நனைத்த நார்த்தூளின் மேற்பரப்பில் தூவுங்கள். தட்டையான மரத்துண்டால் லேசாக அழுத்துங்கள். அவ்வளவுதான். மேலிருந்து பூவாளியால் தண்ணீர் விட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப் போய்விடும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் பத்து நிமிடம் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டு எடுத்துவிடுங்கள்.

15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம், நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம். மேலே கண்ணாடித் துண்டோ ஒளிபுகும் மூடியோ வைக்கலாம், ஆனால் ஒரு விரல் இடைவெளி விட்டு. ஒன்று முதல் மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். நான்கு வாரமாகியும் ஒன்றும் வரவில்லை என்றால் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். உறையில் சுற்றி, குளிர்பெட்டியில் 4 டிகிரி அளவில் மூன்று நான்கு வாரம் வைத்து, மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் குளிர் எல்லா விதைக்கும் தேவைப்படுவதில்லை; பிடிவாதமான விதைகளை அது எழுப்பிவிடும்.

நார் வில்லை

வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் உப்பி டப்பாவை நிரப்பிவிடும். பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆறாமல் விதை தூவிவிடக் கூடாது என்பதைத் தாள் சொல்வதில்லை. முளைக்கவைக்கும் வேலைக்கு இது மோசமில்லை. மென்மையானது, களைவிதை இருக்காது, ஈரம் சீராக இருக்கும். 5-க்கு 2.

மூன்று விஷயங்கள் இதற்கு எதிராக நிற்கின்றன. தென்னைநார்த் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்பரப்பு காய்ந்து வெளிறித் தெரியும்போதும் உள்ளே பிழிந்தால் சொட்டும். மேலே பார்த்து மறுபடி தண்ணீர் விடுவார்கள், அடியில் வேர் மூச்சுத் திணறும். அடுத்தது, நார்த்தூள் சற்றே அமிலப் பக்கம் சாய்ந்தது, தண்ணீரில் வரும் சுண்ணாம்புச் சத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பாறையில் வளர்ந்த செடியை அதில் நீண்ட நாள் வைத்தால் புது இலைகள் வெளிறிச் சோர்ந்து வரும். கடைசியாக, சரியாகக் கழுவாத நாரில் உப்பு இருக்கும். உப்பிய தூளை ஒரு துணியில் கட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்தினால் இந்தக் கடைசிக் குறை தீரும். முதல் இரண்டும் தீராது.

சில பெட்டிகளில் வில்லையைச் சுற்றி மெல்லிய வலை இருக்கும். அது மட்கிவிடும் என்று எழுதியிருந்தாலும் நாற்றை மாற்றி நடும்போது கத்தரித்து எடுத்துவிடுங்கள். மட்காத வலைக்குள் வேர் சுருண்டு நின்றுவிடுவது இந்தப் பெட்டிகளில் சாதாரணம். ஈரமான நாரைச் சுற்றிக் கறுப்புக் குட்டி ஈக்கள் பறந்தால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. அவற்றின் புழுக்கள் இளநாற்றின் மெல்லிய வேரைத் தின்னும். மேற்பரப்பில் அரை சென்டிமீட்டர் கழுவிய பொடிச்சல்லி பரப்பினால் ஈ முட்டையிட இடம் குறையும். ஆனால் நாற்றுகள் ஓரளவு எழுந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

டப்பா

0. இதற்கு மதிப்பெண் கொடுக்க வழியில்லை.

அடியில் துளை இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும் குறை. "ஆணியால் நாலு துளை போட்டுவிட்டால் சரியாகிவிடும்", "அடியில் கூழாங்கல் போட்டால் வடிந்துவிடும்" என்று இரண்டு வைத்தியம் சொல்வார்கள். இரண்டும் போதாது. ஏன் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் மலைச்செடிகளைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயம் இதுதான்.

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கவைத்துப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதே ஸ்பாஞ்சை நீளவாக்கில் நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி சொட்டும். தண்ணீரை யாரும் சேர்க்கவில்லை, பிழியவும் இல்லை. உயரம் மட்டும்தான் கூடியது. தொட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. எவ்வளவு துளை போட்டாலும், அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கலவை தண்ணீரால் நிறைந்தே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவைத் துகளின் அளவு. துகள் எவ்வளவு நுணுக்கமோ அந்த ஈர அடுக்கு அவ்வளவு உயரம். ஆழமான தொட்டியில் அந்த அடுக்குக்கு மேலே வேருக்குக் காற்றுள்ள இடம் நிறைய இருக்கும். ஆறேழு சென்டிமீட்டர் உயரமுள்ள டப்பாவில், அதிலும் நுணுக்கமான நாரில், ஈர அடுக்கே பாதி டப்பாவுக்கு வந்துவிடும். அடியில் கூழாங்கல் போட்டால் இன்னும் மோசம்: ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்கும், வேருக்கு மிஞ்சுவது ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே.

இதோடு தகரம் வெயிலில் சூடேறும். வேர் குளிர்ச்சியாகவும் தலை வெயிலிலும் இருக்க விரும்பும் செடிக்கு இதைவிடப் பொருத்தமற்ற பாத்திரம் கிடைக்காது. டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் விதை சேமியுங்கள். அதற்கு மிக நன்றாக உதவும்.

என்ன கலவை, எந்தத் தொட்டி

பெட்டியில் வராத, ஆனால் வந்திருக்க வேண்டிய பகுதி இது. கன அளவில்: களிமண் கலக்காத தோட்டமண் 1 பங்கு, சலித்த இலைமட்கு 1 பங்கு, 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள கல்சல்லி 2 பங்கு. அந்தச் சல்லியில் கால்வாசி சுண்ணாம்புக்கல் சல்லியாக இருந்தால் மிக நல்லது. சல்லியை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தங்கியதை மட்டும் தண்ணீர் தெளியும்வரை கழுவிப் பயன்படுத்துங்கள். இந்தக் கழுவலைத் தவிர்ப்பவர்கள்தான் "சல்லி போட்டும் வடியவில்லை" என்கிறார்கள். கல்தூள் எல்லா இடைவெளியையும் அடைத்துவிடும்.

சல்லிக்குப் பதில் பியூமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல் கிடைத்தால் இன்னும் மேல். பெர்லைட் என்னும், சூட்டில் பொரித்த வெண்ணிற எரிமலைக் கண்ணாடித் துகளும் வேலை செய்யும், ஆனால் மழையில் மிதந்து மேலே வந்துவிடும். பொடிமணல் வேண்டாம்: அது இடைவெளியை உண்டாக்காது, நிரப்பும். கடல்மணல் கூடவே கூடாது. சுண்ணாம்புச் சத்துக்காக வெள்ளையடிக்கும் சுண்ணாம்புத் தூளைக் கலப்பவர்கள் உண்டு. அது வேரைச் சுட்டுவிடும். முட்டை ஓடு தீங்கில்லை, ஆனால் கரைய நெடுங்காலம் ஆகும் என்பதால் அதை நம்பியிருக்க முடியாது. மண்புழு உரம், மட்கிய சாணம் போன்றவற்றைப் பாசத்தோடு ஒரு கைப்பிடி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

கலவை சரியா என்று பார்க்க எளிய வழி: தொட்டியை நிரப்பி, நன்றாக ஊறவிட்டு, மறுநாள் ஒரு குவளைத் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். பத்து நொடிக்குள் மேலே தண்ணீர் தெரியக் கூடாது. தேங்கி நின்றால் இன்னும் அரைப் பங்கு சல்லி.

தொட்டி மண்ணால் ஆனதாக, குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழமும் 12 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமும் கொண்டதாக இருக்கட்டும். மண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாகும்போது வேரும் குளிரும். கோடை கடுமையான இடமென்றால், அந்தத் தொட்டியை அதைவிடப் பெரிய மண் தொட்டிக்குள் வைத்து, இடையில் மணல் நிரப்பி, அந்த மணலை மட்டும் ஈரமாக வைத்துக்கொள்ளலாம்.

நாற்றில் உண்மையான இலைகள் நான்கு வந்ததும் மாற்றி நடலாம். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். ஓர் இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்று போய்விடும். முதலில் 6 சென்டிமீட்டர் தொட்டி, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து நிரந்தரத் தொட்டி. இலைக்கொத்து மண்ணைத் தொடும் இடம், அதாவது தூர், எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். நட்டபின் தூரைச் சுற்றி 2 சென்டிமீட்டர் சல்லி. இந்தச் சல்லிக் கழுத்துப்பட்டை அழகுக்காக அல்ல. ஈரமண்ணும் பஞ்சு இலையும் ஒட்டாமல் பிரித்துவைக்கும் வேலி அது. தூர் அழுகலில் பெரும்பகுதியை இது ஒன்றே தடுத்துவிடும்.

வழிமுறைத் தாள்

"தினமும் தண்ணீர் தெளிக்கவும்", "ஜன்னலோரம் வைக்கவும்", "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரமிடவும்." மூன்றுமே இந்தச் செடிக்குத் தவறு.

தண்ணீரைத் தெளிப்பது பஞ்சை நனைக்கும். நனைந்த பஞ்சு காய நேரமெடுக்கும், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். விட்டால் அடிவரை இறங்கும்படி தூரோரமாக, காலையில் விட வேண்டும். பிறகு 3 சென்டிமீட்டர் ஆழம் காயும்வரை தொடக் கூடாது. விரலைவிடத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது நம்பகமானது. நாலைந்து முறை தூக்கியவர்களுக்கு ஈரத் தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் எடை வித்தியாசம் கையிலேயே பதிந்துவிடும்.

ஜன்னலோர வெளிச்சம் போதாது. தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயிலும், அசையும் காற்றும் வேண்டும். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் கருகும். முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். கோடை உச்சத்தில் பிற்பகல் நிழல் தரலாம்.

உரம்தான் பெரிய துரோகி. தழைச்சத்து கூடினால் செடி ஒரு முழம் நீண்டு, தண்டு மெலிந்து, இலை பச்சையாகி, பஞ்சு மறைந்துவிடும். காட்டில் 20 சென்டிமீட்டருக்குள் கட்டுக்கோப்பாக நிற்கும் செடி, சத்துள்ள தோட்டமண்ணில் அதைப்போல இரு மடங்கு உயர்ந்து சாய்ந்து கிடக்கும். பூ வெள்ளையாக இல்லாமல் பச்சை கலந்து சாம்பலாக வருவதற்கும் சத்து மிகுதியும் வெளிச்சக் குறைவும்தான் பெரும்பாலும் காரணம். விதை போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தாழ்நிலத் தோட்டத்தில் மலையுச்சியின் வெண்மை முழுதாகக் கிடைக்காது என்பதையும் மூடிப் படத்தை நம்பி வாங்குபவர்கள் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படம் உயரத்து வெயிலில் எடுத்தது. உரம் தர வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால் வசந்தத்தில் ஒரே ஒருமுறை, சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தைப் பாதி அளவுக்கு நீர்த்து விடலாம்.

தாள் ஒரு சொல்கூடச் சொல்லாத பகுதி குளிர்காலம். விதைத்த ஆண்டில் பூ எதிர்பார்க்க வேண்டாம். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு, இரண்டாம் ஆண்டு கோடையில்தான் பொதுவாகப் பூக்கும். இலையுதிர்காலத்தில் மேல்பகுதி முழுக்கக் காய்ந்து, செத்தே போனதுபோல் தெரியும். தூக்கி எறியப்படும் எடெல்வைஸ்களில் பல இந்தக் கட்டத்தில் உயிரோடு இருந்தவை. காய்ந்த இலையை இழுக்காமல் அப்படியே விட்டு, வசந்தத்தில் புதுத் துளிர் தெரிந்தபின் கத்தரியுங்கள். உறைபனி இதை ஒன்றும் செய்யாது. மழையும் பனியுருகலும் கலந்த நசநசப்புதான் கொல்லும். தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சாய்வாக ஒரு கண்ணாடிப் பலகை, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்து. பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டுவது உதவி அல்ல. உள்ளே வியர்த்துச் செடி அழுகும்.

வாடுவது தண்ணீர்க் குறைவாலா, அழுகலாலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் இலை தொங்கும். மண் காய்ந்து தொட்டி எடையற்றிருந்தால் தாகம்; தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் அழுகல். நடுக்கொத்தை மெல்ல இழுத்தால் பழுப்பேறிய அடியோடு கையில் வந்துவிடும். அப்போது மருந்து தேடி ஓடுவதில் பயனில்லை. செடியை வெளியே எடுத்து, வெள்ளையாக, உறுதியாக வேர் இருக்கும் பக்கக் கன்றுகளை மட்டும் பிரித்து, வெறும் ஈரச்சல்லியில் நட்டு நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு பிழைக்கும். நாற்றுப் பருவத்தில் தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து, தண்ணீரைக் குறைப்பதுதான் வழி.

அசுவினி பஞ்சுக்குள் ஒளிந்துகொள்ளும். சோப்புக் கரைசல் பஞ்சில் பட்டுத் தங்கி இலையைக் கெடுக்கும், பூச்சிவரை சரியாகப் போய்ச் சேராது. மென்மையான வண்ணத்தூரிகையால் தட்டி எடுப்பது மேல். நத்தைக்கு இளந்துளிர் விருந்து. இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள்.

பெட்டியா, செடியா?

நாற்றுப்பண்ணையில் தொட்டிச் செடியாகவும் எடெல்வைஸ் கிடைக்கும். ஓராண்டு காத்திருப்பு மிச்சம் என்பது அதன் பலம். ஆனால் விற்பனைக்குப் பூத்து நிற்கும் செடி பெரும்பாலும் கரித்தூள்போல் மெத்தென்ற பீட் கலவையில் (பீட் என்பது சதுப்புநிலத்தில் பாதி மட்கிய தாவரத் தூள்), உரமூட்டி வளர்க்கப்பட்டது. வாங்கியதும் பூவை ரசியுங்கள், பூ முடிந்ததும் தண்டைக் கத்தரியுங்கள். அடுத்த வசந்தத் தொடக்கத்தில் வெளியே எடுத்து, வேரைச் சுற்றிய பீட்டைத் தண்ணீரில் அலசி முடிந்தவரை நீக்கி, மேலே சொன்ன சல்லிக் கலவையில் நடுங்கள். பீட் உருண்டையை அப்படியே சல்லிக்குள் புதைத்தால் நடுவே ஈரப்பஞ்சு, சுற்றிலும் வறட்சி என்று ஆகிவிடும். வேர் வெளியே வராது.

ஆல்பைன் எனப்படும் உயர்மலைச் செடிகளுக்கென்றே விதை விற்கும் சிறப்பு விதைக் கடைகளின் வெறும் விதை உறை இரண்டையும்விடச் சிறந்தது. தாவரவியல் பெயரும் ஆண்டும் தெளிவாக இருக்கும், வேண்டாத டப்பாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் பயிராக வளர்ப்பதற்கென உருவாக்கப்பட்ட ஹெல்வெட்டியா போன்ற சீரான தேர்வுவகைகளும் உண்டு. ஆனால் வீட்டுத் தொட்டிக்குச் சாதாரண விதையே போதும். செடிக்குச் செடி சற்று வேறுபட்டு வருவதும் அழகுதான்.

இரவிலும் வெப்பம் தணியாத, குளிர்காலமே இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நேர்மையான சொல்: இந்தப் பெட்டியைப் பூவுக்காக வாங்காதீர்கள். விதை முளைக்கும், நாற்றும் வரும். கோடை இரவுகள் அதைத் தளரவைத்துவிடும், குளிர் படாத செடியிடம் பூவை எதிர்பார்க்கவும் முடியாது. குளிர்ந்த இரவும் உண்மையான குளிர்காலமும் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், விதைக்காக.

வாங்கியவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் எடெல்வைஸ் நெடுநாள் வாழும் செடி அல்ல. நான்கைந்து ஆண்டில் நடுப்பகுதி மரத்து வெறுமையாகும். அதற்கு முன்பே, மூன்றாம் ஆண்டு வசந்தத் தொடக்கத்தில், துளிர் அசையும் நேரத்தில் செடியை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் இரண்டு மூன்று துளிரும் இருக்கும்படி பிரித்து நடுங்கள். இல்லையென்றால் ஆண்டுதோறும் கொஞ்சம் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பூ பழுப்பாகி, மஞ்சள் குமிழ்கள் உதிரும் பஞ்சாக மாறும்போது, மழை இல்லாத பகலில் தண்டோடு கத்தரித்துக் காகித உறையில் தலைகீழாக ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பஞ்சோடு வருவதெல்லாம் விதை அல்ல. பலவும் வெறும் சக்கை. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் உருண்டு நிற்கும் பழுப்புத் துகள்தான் விதை. அதைச் சிறு காகித மடிப்பில் இட்டு, மேலே பெயரும் ஆண்டும் எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு அந்தத் தகர டப்பாவில் போட்டு மூடி, காற்றுப் புகாத பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பெட்டி தவறான பருவத்தில் கைக்கு வந்து சேர்ந்தாலும் விதை உறையை இதேபோல் வைத்திருந்து, குளிர்காலத்தின் கடைசியில் எடுத்து விதைக்கலாம்.